எங்கள் ஊரில் எனக்கு ஆப்செண்ட்

கணிதம் படிக்கத்தான் நான் திருப்பதிக்குப் போனேன். போன முதல் வாரத்திலேயே, கணிதம் மட்டும் படித்தால் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டப்படிப்பை மூன்று வருஷமாக மாற்றிய புதிது அது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கு இல்லாத ஒரு பாடத்தை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். ஜெனரல் எஜுகேஷன் என்று பெயர். கணிதம் படிப்பவர்களுக்குச் சரித்திரமும் குடிமையியலும் தெரிய வேண்டும். சரித்திரம் படிப்பவர்களுக்குச் செடி எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிய வேண்டும். எல்லோரும் ஒரு கிராமத்துக்குப் போய்க் கை அழுக்காக வேலை செய்திருக்க வேண்டும். இதில் வருகை குறைந்தால் முக்கியப் பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பரீட்சை எழுத முடியாது.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. இன்று யாராவது கேட்டால் நம்பமாட்டார்கள், அந்த வகுப்புக்கு நான் ஒருநாள் கூடத் தாமதமாகப் போனதில்லை. அதை எடுத்த விரிவுரையாளர் ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்காரர். ஒல்லியாக, எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் இருப்பார். பழைய கிரேக்க நகரங்களில் ஜனங்கள் கூடி நின்று எப்படி முடிவெடுத்தார்கள் என்று அவர் இங்கிலீஷில் சொல்லும்போது, நாங்களே அந்தக் கூட்டத்தில் நிற்பது போல இருக்கும். ஜனங்கள் என்றால் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த வகுப்பில் மாணவிகள் நாங்கள் ஒரு பெஞ்சு கொள்ளுமளவுதான் இருந்தோம். அவர் உள்ளே வரும்போது பின்னாலேயே வரிசையாக வருவோம். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியே போய்விடுவோம். காலேஜ் வழக்கம் அது.

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, தாலுகா ஆபீசில் தெலுங்கும் இங்கிலீஷும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே ஆந்திரா பிரிந்துவிட்டது. ஆனால் எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் கூடினால் அந்தப் பேச்சுத்தான்.

இரண்டாம் வருஷம், சங்கராந்தி கழிந்த பிறகு, சிரமதான முகாம் என்று அறிவித்தார்கள். ஒரு கிராமத்துக்குப் போய்த் தங்கி ரோடு போட வேண்டும். விரிவுரையாளர் ஊரின் பெயரைச் சொன்னபோது நான் என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், அது எங்க ஊர் சார்!"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்து, "வெரி குட்" என்றார்.

அன்று சாயங்காலமே ஹாஸ்டல் வார்டன் எங்களைக் கூப்பிட்டு, பெண்பிள்ளைகள் முகாமுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் போய் நின்றேன். அவரிடம் தெலுங்கில்தான் பேசுவேன்.

"சார், நான் முகாமில தங்க வேணாம். எங்க வீடு அங்கயே இருக்கு. நைனாவும் அம்மாவும் இருக்காங்க. வீட்டில தங்கிக்கினு வேலைக்கு மட்டும் வர்றேன்."

"ரூல் அப்படிம்மா. கேர்ள்ஸுக்கு அனுமதி இல்ல."

"அப்போ எங்க அட்டெண்டன்ஸ்?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்."

அந்த வார்த்தையை நான் நம்பினேன். பிறகு என் வாழ்நாளில் யார் என்னிடம் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னாலும் அதை அங்கேயே எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறவளாக ஆனேன்.

முகாமுக்குப் போகத்தான் தடை. ஊருக்குப் போகத் தடை இல்லை. வார்டனே லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சித்தூரில் பஸ் மாறி வீட்டுக்குப் போனேன். பையன்கள் எனக்கு முன்பே வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கியிருந்தார்கள். ஊர் அடங்கிக் கிடந்தது. யாரும் அவர்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். "தெலுங்குப் பசங்க வந்து கீறாங்கோ. எந்த வூட்ல இன்னா பாஷ பேசறாங்கோன்னு எழுதிக்கினு போய் ஊரையே தெலுங்கு ஊருன்னு சொல்லிடுவாங்களாம். நீயும் அவங்களோடதான் வந்தியா?"

"நான் பஸ்ஸில வந்தேன் சின்னம்மா. அவங்க ரோடு போட வந்திருக்காங்க."

"ரோடு போடறவன் சட்டையப் பாத்தியா? இஸ்திரி போட்டுக்கினு வந்து கீறான்."

மத்தியானம் விரிவுரையாளர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பேசிய தெலுங்கு புத்தகத் தெலுங்கு, எங்கள் ஊருக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. என்னை வாசலில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை மறக்கமாட்டேன். "நல்லவேளை, நீ இருக்கே! வாம்மா, நான் சொல்றத இவங்களுக்குத் தமிழ்ல சொல்லு" என்றார். ரூல் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. சந்தோஷமாகப் போனேன்.

பள்ளிக்கூடத்து முன்னால் ஊர் கூடியது. நான் கூப்பிட்டதால்தான் வந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தார். அறியாமை இருளில் மூழ்கிக் கிடக்கும் கிராமங்களுக்குக் கல்வியின் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நெடுநேரம் பேசினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊருக்கு ரோடு போட வந்து கீறாங்க. நம்ம ஆளுங்களும் கூட நின்னா சீக்கிரம் முடியும்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"தமிழ்ல அவ்வளவுதான் சார்."

நைனா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். துண்டால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

சின்னம்மா எழுந்து நின்றாள். "அந்த சாரைக் கேளு. எங்க ஊரு மெட்ராஸா, ஆந்திராவா? எம் பொண்ண அந்தாண்ட குடுத்து கீறேன். நாளைக்கு அவ வூட்டுக்குப் போவணும்னா வேற தேசத்துக்குப் போற மாதிரி போவணுமா?"

நான் அப்படியே சொன்னேன். விரிவுரையாளர் தொண்டையைச் செருமினார். அதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்றார். கிரேக்க ஜனங்கள் கூடி நின்று முடிவெடுத்த கதையை அவர் அப்போது சொல்லவில்லை. அதை நான்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஊரே வேலைக்கு வந்துவிட்டது. ஏரிக்கரையிலிருந்து மொரம்பு என்கிற சரளை மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து பாதையில் கொட்ட வேண்டும். பையன்களுக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியவில்லை. முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. ஒருவன் மட்டும் தலைவலி என்று சொல்லி வேப்பமரத்தடியில் படுத்தவன் முகாம் முடியும்வரை அங்கேயே படுத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர்ப் பெண்களோடு கூடை சுமந்தேன். எங்கே மேடு, எங்கே மழைத் தண்ணீர் தேங்கும் என்று ஆட்கள் சொல்வதை அவருக்குத் தெலுங்கில் சொல்வேன். அவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழில் சொல்வேன். கத்திக் கத்திச் சாயங்காலம் குரலே இருக்காது. அம்மாவும் மற்ற பெண்களும் கேழ்வரகுக் களி கிண்டிக் கொண்டுவந்தார்கள். கடற்கரைப் பையன்கள் அதைச் சோறு மாதிரி மென்று பார்த்து விழி பிதுங்கினார்கள். "மெல்லாத, முழுங்கு! இப்டித்தான் துன்னணும்" என்று சின்னம்மா ஒரு உருண்டையை எடுத்து விழுங்கிக் காட்டினாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சந்தோஷத்துக்காகவும் சேர்த்துத்தான் பிறகு கோபப்பட்டேன்.

காலேஜுக்குத் திரும்பிச் சில வாரங்களில் அறிவிப்புப் பலகையில் என் எண் வந்தது. ஜெனரல் எஜுகேஷனில் வருகை குறைவு. பரீட்சை எழுத முடியாது. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் ஓடினேன்.

"முகாம் நாளெல்லாம் உனக்கு ஆப்செண்ட்தானே?" என்றார்.

"சார், நான் அங்கதானே இருந்தேன்!"

"நீ லீவுல வீட்டுக்குப் போயிருந்தே. முகாமுக்கு வரல."

"நீங்கதானே சார் என்னைத் தமிழ்ல சொல்லச் சொன்னீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நீ செஞ்ச உதவி. ரொம்ப நல்ல உதவி. உதவி வேற, அட்டெண்டன்ஸ் வேற. ஒரு பெண்ணை முகாமில சேர்த்துக்கிட்டேன்னு நான் எழுதினா, எனக்கு மெமோ வரும்."

நான் அழப்போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கோ மேஜை மேலிருந்த மைக்கூட்டைத் தூக்கி அந்த வெள்ளைச் சட்டை மேல் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை.

பிரின்ஸிபாலிடம் போனேன். அவர் ரூல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, முகாமுக்குப் பதிலாகப் பெண்கள் தையல் வேலை செய்து கொடுக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். மற்ற பெண்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்களாம். நான் ஊரில் மண் சுமந்துகொண்டிருந்தபோது வார்டன் அவர்களைக் கூப்பிட்டுத் தலையணை உறை தைக்கத் துணியும் நூலும் கொடுத்திருக்கிறார். எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரோடு போட்டதுக்குப் பதில் தலையணை உறையா சார்?" என்றேன்.

அப்பாவை அழைத்து வரச் சொல்லிவிட்டார்.

கரும்பு வெட்டு நடுவில் நைனா வந்தார். பிரின்ஸிபால் அவரை உட்காரச் சொல்லவில்லை. "பெண்ணை அதிகம் படிக்க வச்சா இப்படித்தான் எதிர்த்துப் பேசும்" என்றார்.

"எதிர்த்துப் பேசல சார். நடந்ததச் சொல்லுது" என்றார் நைனா தெலுங்கில். "அது கூடையெடுத்து மண்ணு போட்டத ஊரே பாத்துது. உங்க சாரும் பாத்தாரு. கூப்புட்டுக் கேளுங்க."

யாரையும் கூப்பிடவில்லை. தையல் வேலையை இப்போதாவது கொடுத்தால் போனால் போகிறதென்று பரீட்சைக்கு விடலாம் என்றார் பிரின்ஸிபால். அது அவர் காட்டிய கருணை.

படியிறங்கும்போது நைனா சொன்னார். "குடுத்துடு பாப்பா. பட்டத்த வாங்கிக்கோ. கோவம் எங்கயும் போவாது, அப்பறம் வச்சுக்கலாம்."

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. "நீயும் அவங்க பேச்சத்தான் பேசற" என்று சொல்லிவிட்டு, அவரை பஸ் ஏற்றிவிடக்கூடப் போகாமல் ஹாஸ்டலுக்குள் போய்விட்டேன்.

என்னோடு அறையில் இருந்தவள் புத்தலப்பட்டுக்காரி, தெலுங்குப் பெண். ஊசி பிடித்தால் அழகாகப் பூ வரும் கை. என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போய்க் கணக்குப் போடு. இந்தக் கிளிய நான் போடறேன்" என்றாள். அவள் போட்ட பச்சைக் கிளியை வார்டனிடம் கொடுத்தேன். வார்டனுக்கு எல்லாம் தெரியும். யார் தைத்தது என்று கேட்கவில்லை. நான் செய்த வேலைக்கு ஆப்செண்ட். நான் தொடாத வேலைக்குப் பாஸ். அந்த வருஷம் காலேஜ் விழாவில், வேப்பமரத்தடியில் படுத்திருந்தவனுக்குச் சமூகத் தொண்டுக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டம் வாங்கினேன். கணிதத்தில் நல்ல மார்க்குத்தான். அந்தச் சமயத்தில்தான் எல்லையும் முடிவாயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது. சின்னம்மா பெண்ணைக் கொடுத்த ஊர் மெட்ராசுக்குப் போயிற்று. எங்கள் ஊரில் யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கணித டீச்சர் வேலை என்றுதான் போனேன். தலைமையாசிரியர் என் சர்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தையலும் தெரியுமா? ரொம்ப நல்லதாச்சு" என்றார். கணிதத்துக்கு ஏற்கெனவே ஒரு ஆண் வாத்தியார் இருந்தார். அவர் மாற்றலாகிப் போகும்வரை நான் தையல் வகுப்புக்குத்தான் போனேன். எனக்குத் தையல் வராது என்று சொல்லிப் பார்த்தேன். பாஸ் என்று போட்டிருக்கிறதே என்றார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் ஒரு மணிநேரம் கணக்குப் போடுவேன். பிறகுதான் காபி குடிப்பேன்.

வெகு வருஷம் கழித்துத் திருப்பதி பஸ் நிலையத்தில் அந்த விரிவுரையாளரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு நின்றிருந்தார். நானாகப் பேசியிருக்கமாட்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். கூட நின்ற தன் மருமகனிடம், "இந்தப் பெண்ணாலதான் என் முதல் சிரமதான முகாமே நடந்தது. இவ இல்லேன்னா அந்த ஊர்ல எங்களுக்குத் தண்ணிகூடக் கொடுத்திருக்கமாட்டாங்க" என்றார். குரலில் அவ்வளவு பிரியம்.

"சார், அந்த முகாமுக்கு எனக்கு ஆப்செண்ட் போட்டீங்க" என்றேன்.

அவர் புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "ஆப்செண்டா? ஏன்? நீ அங்கதானேம்மா இருந்தே?"

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். நான் இத்தனை வருஷம் சுமந்ததை அவர் அன்றே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்தூர் பஸ் வந்தது. அவர் கைகூப்பினார். நான் கைகூப்பாமல் ஏறி உட்கார்ந்தேன்.