பதினோரு பேர் வந்துபோன தளம்

நெடுமாறன் முதன்முதலாகப் பார்த்தபோது பிரூனோ தட்டாஞ்சாவடி சர்வீஸ் சென்டரில் ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். கால்கள் மட்டும்தான் தெரிந்தன. "யாரு புதுசா?" என்று உள்ளிருந்தே கேட்டான். புகார்களைப் பதிவு செய்யும் வேலைக்கு அன்று சேர்ந்திருந்த நெடுமாறன், "பி.எஸ்சி. இயற்பியல்" என்றான். பெயரைச் சொல்லத் தோன்றவில்லை.

நெடுமாறன் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தான். வீட்டில் முதல் பட்டதாரி. படித்த படிப்புக்குச் சொந்தமாக ஒன்றை நிறுத்திக் காட்ட வேண்டும் என்றுதான் இணையதளம் தொடங்கினான். எந்த மிக்ஸி நல்லது, எந்த ஹீட்டர் நல்லது என்று எழுதுவான். படித்தவர்கள் கீழே உள்ள இணைப்பைத் தொட்டுப் பொருளை வாங்கினால் ஆன்லைன் கடை அவனுக்குக் கமிஷன் தரும். ஊர்த் திருவிழா பேனரில் அவன் படத்துக்குக் கீழே 'நிறுவனர்' என்று போட்டார்கள்.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். பரீட்சைத்தாளில் எழுதியபடியேதான் இங்கேயும் எழுதினான்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஹீட்டர் பற்றிய கட்டுரை 'மனித வாழ்வில் வெந்நீரின் பங்கு' என்று ஆரம்பித்தது. எழுதிய ஹீட்டர் ஒன்றையும் அவன் தொட்டுப் பார்த்ததில்லை. நாளொன்றுக்குப் பதினோரு பேர் வந்தார்கள்.

பிரூனோவுக்குத் தளம் போடச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். ஒரு வாரம், சாப்பாட்டு நேரத்தில், பெருமையோடு. அன்றிலிருந்து பிரூனோ அவனை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டான்.

பிரூனோ பன்னிரண்டாவது தாண்டவில்லை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. தளத்து வருமானம் அவனுக்குத் தேவையே இல்லை. அன்றைக்குத் திறந்த மெஷினில் எது கெட்டிருந்தது என்று இரண்டு விரலால் தட்டிப் போடுவான். 'கடல்பக்கம் வீடா? இத வாங்காதீங்க. ஆறு மாசத்துல அடி துரு புடிக்கும்.' அவ்வளவுதான். ஒரு வருடத்தில் நாளொன்றுக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். காரைக்காலிலிருந்து சந்தேகம் கேட்டார்கள், பாரிசிலிருந்து கேட்டார்கள்.

நெடுமாறன் காலையில் எழுந்ததும் பார்ப்பது பிரூனோவின் தளத்தைத்தான். எழுத்துப்பிழைகளை எண்ணுவான். பதினைந்துக்கு மேல் இருந்தால் அன்றைக்குக் காப்பி ருசித்தது. பக்கத்தின் அடியில் ஓடும் வருகை எண்ணைப் பார்த்ததும் அதுவும் கசந்தது.

இப்படி இருக்கையில், நெடுமாறனின் தளத்தின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால் கைவிட்டுப் போகும் என்று மெயில் வந்தது. தொடர்வதா, விட்டுவிடுவதா? விட்டால் நிறுவனர் என்ற பெயரும் சேர்ந்து போகும். முடிவெடுக்குமுன், அந்தப் பதினோரு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று முதல்முறையாகத் தோண்டிப் பார்த்தான். ஒன்பது பேர் பிரூனோவின் தளத்திலிருந்து வந்திருந்தார்கள். அங்கே ஒரு மூலையில், 'எனக்கு இத கத்துக்குடுத்தவரு. இவரையும் போய் பாருங்க' என்று இணைப்பு கொடுத்திருந்தான்.

காது மடல் சூடானது. மறுநாள் பிரூனோவின் மேசைக்கு நேராகப் போனான்.

"அந்த லிங்க்க எடுத்துடு."

"ஏன் வாத்தியாரே? அதுலேர்ந்து நாலு பேரு வர்றாங்க இல்ல?"

"அதான் எடுன்றேன்."

"கோவமா? இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்ல. எடு."

பிரூனோ அவன் முகத்தைப் பார்த்தான். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலாலேயே எடுத்துவிட்டான். "ஆனா நீங்கதான் கத்துக்குடுத்தீங்கன்னு வாயால சொல்லுவேன். அதுக்கு லிங்க் வேணாம்" என்றான்.

அதுகூட நெடுமாறனுக்குக் கொடுத்துவைத்தவன் பேச்சாகத்தான் கேட்டது.

வியாழக்கிழமை இரண்டே பேர் வந்திருந்தார்கள். ஒன்று அவனுடைய போன். இன்னொன்றும் தவளக்குப்பத்தில் அவன் வீட்டிலிருந்துதான். மனைவி தாமரைச்செல்வியிடம் கேட்டான்.

"நீ என் தளத்தப் படிக்கிறியா?"

"நான் எங்க படிச்சேன்? தெனம் ஒருவாட்டி தொறந்து வச்சுட்டு அரிசி களைவேன். கணக்குல ஒன்னு ஏறுமில்ல."

"எவ்ளோ நாளா?"

"மூணு வருசமா. வெந்நீர் கட்டுரை மட்டும் படிச்சேன். பாதியில தூக்கம் வந்துடுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, வெகுநாள் கழித்து. வெள்ளிக்கிழமை வந்தது, புதுப்பிக்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், "மூடிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

பிரூனோவின் தளத்தில் இப்போது நாளொன்றுக்கு ஆறாயிரம் பேர். எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தர முடியுமா என்று பிரூனோ ஒருமுறை கேட்டான். நெடுமாறன் முடியாது என்றுவிட்டான். அந்தப் பிழைகளையாவது தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நெடுமாறன் அதே சர்வீஸ் சென்டரில் புகார்ப் பதிவு மேசையில் இருக்கிறான். தளம் இல்லை.