வாசலைப் பார்க்காத சுருள்

"பிப்ரவரி, செவ்வாய். அல் ஐன் சைட். முன்மண்டபத்தில் போதிகைகள் ஏற்றியாயிற்று. திசை தவறு." அன்றைய என் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

ஷார்ஜா தொழில்பேட்டையில், கண்ணாடி இழை கலந்த சிமெண்டில் கட்டட அலங்காரங்களை வார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பொருத்திய பிறகு சைட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஐரோப்பியக் கட்டடக்கலையைப் படிக்கத் தொடங்கியது இதற்காகத்தான். கிரேக்கர்களின் டோரிக் தூணுக்குத் தலையில், அதாவது போதிகையில், வெறும் பலகை. அயோனிக்குக்குச் சுருள். கொரிந்தியனுக்கு இலைக்கொத்து. ரோமானியர் அரைவட்ட வளைவைப் பெருக்கினார்கள். கோதிக் காலத்தார் அதைக் கூராக்கி உயர்த்தினார்கள். மறுமலர்ச்சிக் காலம் பழைய தூண்களுக்கே திரும்பியது, பரோக் அவற்றை முறுக்கிவிட்டது. புத்தகத்தில் நூற்றாண்டுகள் தள்ளி நிற்பவை எங்கள் கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அல் ஐன் வீட்டுக்காரர் அயோனிக் தூணும் அதன்மேல் கோதிக் சன்னலும் கேட்டிருந்தார். எடையைத் தாங்குவது உள்ளே நிற்கும் கான்கிரீட். நாங்கள் வார்ப்பது அதைச் சுற்றி மூடும் கூடு.

மற்ற போதிகைகளை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். அயோனிக்குக்கு முகம் உண்டு. முன்னும் பின்னும் சுருள் தெரியும். பக்கவாட்டில் சுருட்டிய பாய் போலிருக்கும். சுருள்தான் வாசலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் பாயை வாசலுக்குத் திருப்பி போல்ட் போட்டிருந்தார்கள்.

பொருத்தும் குழுவுக்குத் தலைவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. கொள்ளி வைத்தது தம்பி. வெள்ளிக்கிழமை காலை கருமாதிக்காவது மூத்த மகன் நிற்க வேண்டும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். சைட் முடிந்தால் வியாழன் காலை விமானம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"இந்தப் பக்கந்தான் சார் பார்க்க லெச்சணமா இருந்துச்சு," என்றார் குழுத்தலைவர். "டிராயிங்ல எந்தப் பக்கம் முன்னாடின்னு போடலையே."

"கிரேக்கக்காரன் வந்து கேக்கவா போறான்?" என்றார் சாரத்தில் இருந்தவர். "கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க சார். அண்ணன் ஊருக்குப் போகட்டும்."

"நீ சும்மா இருடா. தப்புன்னா தப்புதான்." குழுத்தலைவரின் குரல் இறங்கியது. "இறக்கித் திருப்பி வைக்க கிரேன் எப்ப சார் வரும்?"

"அடுத்த வாரம்."

அவர் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

வரைபடத்தை மறுபடி விரித்தேன். அவர் சொன்னது சரி. முகப்புத் தோற்றத்தில் தூண் சிறிதாக இருந்தது. போதிகையைத் தனியாகப் பெரிதாக்கிக் காட்டிய தாளில் திசைக்குறி இல்லை. மேனேஜரை அழைத்தேன். தவறு நடந்திருக்கிறது, ஆனால் குறி இல்லாத தாளை வைத்துக்கொண்டு பொருத்தியவரைக் குறைசொல்ல முடியாது, திருப்பி வைப்பது புது வேலை, அதற்கு வேறு ஆளை அனுப்பலாம், இவருடைய டியூட்டி முடிந்தது என்றேன்.

"அச்சா," என்றார் மேனேஜர். "லீவ்ல அனுப்பு."

அடுத்த வாரம் வேறு ஆட்கள் போதிகைகளைத் திருப்பினார்கள். அதை நானே நின்று பார்த்தேன். குழுத்தலைவர் ஏறிய வியாழக்கிழமை விமானம் வெகுநேரம் தாமதமாகப் புறப்பட்டதையும் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அவர் பிறகு இங்கே திரும்பவில்லை. பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. கருமாதி முடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தார் என்று தொழிலாளர் கேம்ப்பில் ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர். எது உண்மை என்பதை இதுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.