தரைக்கும் மாடிக்கும் நடுவில் ஒரு பேட்டரி

கரண்ட் இருக்கும்வரை இன்வெர்ட்டர்காரனை யாருக்கும் ஞாபகம் வராது. போன பிறகு ஊரே அவன் நம்பரைத் தேடும். பெருங்களத்தூரில் சின்னக் கடை வைத்து, இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். கூட்டாளி சலீம் பாய் மோட்டார் வைண்டிங் பார்ப்பவர். தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருக்கும் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் நீங்களும் என்னைப் போல, ஏரி நிரம்பிவிட்டதா என்று விசாரிக்கிற ஆள்தானே. வெள்ளம், புயல், வறட்சி எல்லாமே எனக்கு ஒரே வீட்டை வைத்துத்தான் ஞாபகம் வருகின்றன. அந்த வீடு பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய ஒரு பள்ளத் தெருவில் இருக்கிறது.

சுவரில் ஒரு கோடு

அந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்கள் சேகர் சாரும் அவர் மனைவி ரேவதி அக்காவும். சார் மறைமலை நகரில் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டுவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். தூங்கும்போதும், மூச்சு வாங்கும்போதும் அது ஓடியே ஆக வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் போல அதுவும் தரையில்தான் இருந்தது.

அந்தப் பெரிய வெள்ளத்தில் முதலில் முழுகியது பேட்டரி. தெருக்காரர்கள் சாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினார்கள். மெஷினையும் தூக்கினார்கள், ஆனால் அதற்குக் கொடுக்கக் கரண்ட் இல்லை. படகு வரும்வரை அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம், வேறு ஒன்றுமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது, ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கறை நின்றது. வெள்ளையடிப்பதற்கு முன்னால் அந்தக் கறை இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அக்காவும் போட்டார். போட்டுவிட்டு, சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“இதுக்கு மேல எவ்வளவு உயரம் போக முடியுமோ, அவ்வளவு உயரத்துல வை தம்பி.”

மொட்டை மாடி

அந்த வெள்ளத்துக்குப் பிறகு தெருவே மேலே ஏறியது. மோட்டார் சுவிட்ச் பெட்டி, கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரம் எல்லாம் மொட்டை மாடிக்குப் போயின. தகர ஷீட் போட்டு ஆளாளுக்கு ஒரு குட்டி அறை கட்டிக்கொண்டார்கள். வீடு வீடாக இன்வெர்ட்டரை மேலே ஏற்றியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி ஏரியே எழுந்து வந்தாலும் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அடுத்து வந்தது புயல். தெருவில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. காற்று ஷீட்டை எல்லாம் பிய்த்துக்கொண்டு போக, மழை நேராக இன்வெர்ட்டர் தலையில் கொட்டியது. கம்பங்கள் சாய்ந்துவிட்டன, கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. வெள்ளமென்றால் படகாவது வரும். இப்போது தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்ததில் ஆம்புலன்ஸ்கூட உள்ளே வர வழியில்லை. சலீம் பாய்தான் தாம்பரத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்து, தோளில் வைத்து, விழுந்த மரங்களை ஏறிக் குதித்து நடந்தே கொண்டுவந்தார். சார் மூச்சு சீரானது. பிறகு பாய் மாடிக்குப் போய், கூரையில்லாத அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“தண்ணி கீழ வந்துச்சுன்னு மேல ஏத்துனோம். இப்ப காத்து மேல வந்து அட்சிகினு போச்சு. இனிமே நடுவுல தொங்கவுட்டாதான் உண்டு.”

லாரித் தண்ணீர்

பிறகு ஒரு கோடை. ஏரி காய்ந்து, பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். சுவரில் வெள்ளக் கோடு இருந்த அதே வீட்டில் போர்வெல் வற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மெஷினில் ஒரு சின்ன பாட்டில் உண்டு. அதில் சுத்தமான தண்ணீர் இருந்தால்தான் மூக்கு வறண்டு எரியாது. அக்காவுக்கு அதற்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் தனபால் சார் முதல் மாடியில் இருக்கிறார். அவர் மோட்டார் ரூமைப் பூட்டிவைத்து, காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விட்டார். வாய்த் தகராறு முற்றி, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சு நின்றது. வெள்ளத்தன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவர் இதே தனபால் சார்தான். எனக்கு மனசே ஆறவில்லை. லாரி வரிசையில் குடத்தோடு நின்ற அக்காவிடம், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா என்று கேட்டேன்.

“வெள்ளத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டோம் தம்பி. இப்போ அடுத்தவங்க குடத்தைத்தான் பாக்கறோம்.”

தனபால் சார் வீட்டு ஹால்

பாய் சொன்ன ‘நடுவுல’ என்ற வார்த்தை என்னை விடவில்லை. கோட்டுக்கு மேலே, கூரைக்குக் கீழே, தண்ணீரும் காற்றும் எட்டாத இடம் அந்த வீட்டில் ஒன்றுதான்: தனபால் சாரின் ஹால். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில், கீழ் வீட்டுப் பேட்டரிக்கு மேல் வீட்டில் இடம் கேட்க வேண்டும். அந்த வேலையும் இன்வெர்ட்டர்காரன் தலையில்தான் விழுந்தது.

அவர் முதலில் ஆசிட் நாற்றம் என்றார். பிறகு, ஹாலுக்கு அழகாக இருக்காது என்றார். நான் கிளம்ப எழுந்தபோது பால்கனிக்குக் கூட்டிப்போனார். அவர்கள் குடும்பம் அந்த ஊரிலேயே பயிர் வைத்த குடும்பம். ஏரி மதகிலிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் வரும், எங்கே தண்ணீர் தேங்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். கை கடைசியில் வந்து நின்ற இடம் சேகர் சார் வீட்டு வாசல்.

“தண்ணி நிக்கிற இடம்னு தெரிஞ்சுதான் வீடு கட்டி வாடகைக்கு விட்டேன். கொண்டாந்து வைங்க, டிவிக்குப் பக்கத்துல இடம் இருக்கு.”

ஒரே ஒரு பிளக்

மறுபடி வெள்ளம் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பேட்டரியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவன், மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை தெருவில் தண்ணீர் ஏறும்போதே சேகர் சாரை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். டிவிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு, இன்வெர்ட்டரிலிருந்து வந்த ஒரே பிளக்கில் மெஷினைச் சொருகினோம், ஓடியது. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் புயலுக்குப் பிறகு மற்ற வீட்டு இன்வெர்ட்டர்கள் பழையபடி தரைக்கே இறங்கி, இப்போது முழுகிவிட்டன. அந்தத் தெருவில் வெளிச்சம் இருந்தது நாங்கள் இருந்த ஹாலில் மட்டும்தான். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் செத்துப்போன போனோடு வர ஆரம்பித்தார்கள். போனுக்குச் சார்ஜ் கொடுக்க மெஷினைப் பிடுங்க வேண்டும், பேட்டரியும் அத்தனை சீக்கிரம் தீரும். கைவசம் இருந்த சிலிண்டரும் காலியாகிவிட்டது. தனபால் சார் படியிலேயே மறித்து நின்று, மேலே ஒருத்தர் மூச்சு இதை நம்பி இருக்கிறது, போங்கள் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அப்போது எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல். படகுக்குச் சொல்ல, எங்கள் போன்களைப் போலவே அவள் போனிலும் சார்ஜ் இல்லை.

சேகர் சார் மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார். மெஷினை நிறுத்தினார். “நிமிர்ந்து உக்காந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க சார்ஜ் போடட்டும்,” என்றார். அதன்பிறகு யாரையும் திருப்பி அனுப்ப அவர் விடவில்லை. போன்களுக்குச் சார்ஜ் ஏறும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். உதடு நீலம் பாரித்த பிறகுதான் மெஷினைத் திரும்பவும் போட விடுவார். அக்கா குழாயை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேட்டரி மீட்டரைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். அத்தனை பயம் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

அந்தப் போன்களில் ஒன்றிலிருந்து கூப்பிட்டதால்தான் படகு வந்தது. குழந்தையும் சாரும் ஒரே படகில் போனார்கள். குழந்தை சீக்கிரம் திரும்பியது, சார் ஆஸ்பத்திரியில் இழுபறியாகக் கிடந்து, தேறி வந்தார். தெருவே வந்து அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டது. எல்லோரும் போன பிறகு, அக்கா என்னை டிவிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அந்த பிளக்கைக் காட்டினார்.

“போனுக்குன்னு தனியா ஒரு பேட்டரி வச்சிடு தம்பி. அடுத்த தடவை அவர் நல்ல மனுஷனா இருக்க வேண்டாம்.”

இத்தனை வருஷத்தில் கரண்ட் போகக் கூடாது என்று எத்தனையோ பேட்டரி மாட்டியிருக்கிறேன். ஒரு மனிதர் நல்லவராகிவிடக் கூடாது என்று மாட்டியது அந்த ஒன்றுதான்.