டைகர் யார் வீட்டு நாய்?

மனுஷ ஆசுபத்திரியில நோயாளிக்கு வாய் உண்டு. எங்க தொழில்ல நோயாளியைத் தவிர மத்த எல்லாருக்கும் வாய் உண்டு. குமுளியில ஒரு டாக்டரம்மாவோட நாய், பூனை கிளினிக்ல நான் கம்பவுண்டர். நாய் வளர்த்து நொந்தவங்களுக்கு நான் சொல்லப்போறது எதுவும் புதுசா இருக்காது.

கடைசி வைத்தியம்

ஏலக்காய் கடைக்காரர் ஒருத்தர் வாந்தி எடுக்கிற நாயைத் தூக்கிட்டு வந்தார். முதல்ல ஓமத்தண்ணி குடுத்திருக்கார். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன கஷாயம். அதுவும் கேக்கலைன்னு மெடிக்கல்ல போய், தனக்குத்தான் வாந்தின்னு பொய் சொல்லி மாத்திரை வாங்கி, அதுல பாதி. கழுத்துல மந்திரிச்ச கயிறு வேற. நாய் பாவம், மேஜையில ஏத்தினதும் தானே படுத்துக்கிச்சு.

இவ்வளவு அலைஞ்சதுக்கு முதல்லயே இங்க வந்திருக்கலாமேன்னு கேட்டேன். அவர் சொன்னது: "டாக்டர்கிட்ட போனா செலவாகும்னுதானே தம்பி இவ்வளவு செலவு பண்ணினேன்."

சர்வீஸ் செலவு

புசுபுசுன்னு ஒரு வெளிநாட்டுக் குட்டியோட ஒரு ஜீப் டிரைவர் வந்தார். தடுப்பூசி, பூச்சி மருந்து, திடீர்னு வர்ற சீக்கு, எல்லாத்துக்கும் மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைங்க, ஜீப்புக்கு சர்வீஸ் செலவு ஒதுக்குற மாதிரின்னு சொன்னேன். "ஜீப்பு படுத்துதுன்னா வித்துடலாம்ணே. இதை வித்தா எம்பொண்ணு என்னை வித்துடுவா"ன்னார்.

நாலு வீட்டுச் சோறு

ஏலத்தோட்டத்துல வேலை பார்க்கிற ஜெயமேரி அக்கா, ஒரு சனிக்கிழமை டைகரைச் சாக்குல சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. காட்டுப்பன்னிக்கு வச்ச கம்பிச் சுருக்கு பின்னங்காலை எலும்பு தெரிய அறுத்திருந்துச்சு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணலைன்னா காலும் போகும், உயிரும் போகும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

செலவைக் கேட்டதும் அக்கா போனை எடுத்தாங்க. அவங்க குடியிருக்கிற லயத்துல, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புல, அவங்களோடதையும் சேர்த்து வரிசையா நாலு வீடு. டைகருக்குக் காலைக் கஞ்சி ஒரு வீட்டுல, மீன்தலை இன்னொரு வீட்டுல, படுக்கை வேற ஒரு வாசல்ல. ஆனா இப்போ கேட்டா மத்த மூணு வீட்டுக்காரங்களும் அது எங்க நாய் இல்லைன்னுட்டாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்போ உங்க நாயா அக்கான்னு கேட்டேன். அவங்க கண்ணு நிறைஞ்சு நின்னுச்சு, இருந்தும் இல்லைன்னு தலையாட்டினாங்க.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கிட்டு உள்ள போனாங்க. அப்புறம்தான் அக்கா மெதுவா சொன்னாங்க: "இது சூப்பர்வைசர் ஊட்டுக் கோழியெல்லாம் புடிச்சுத் தின்னிருக்கு தம்பி. எங்க நாயின்னு ஒத்துக்கிட்டா அத்தனை கோழிக்கும் நாங்கதானே பதில் சொல்லணும்?"

யார்கிட்டயும் சொல்லாதீங்க

டைகர் பிழைச்சிருச்சு, காலும் தங்கிருச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை, தோட்டத்து ஆளுங்க எல்லாரும் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குற நாள். சர்ச்சுல பூசை முடிச்ச கையோட ஜெயமேரி அக்கா வந்து, கையில இருந்ததைக் குடுத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போனாங்க. அவங்க தலை மறையறதுக்குள்ள அடுத்த வீட்டு அண்ணன். அப்புறம் மீன்தலை போடுற வீட்டுக்காரம்மா. சாயங்காலத்துக்குள்ள நாலு வீடும் வந்து, பணத்தைக் குடுத்து, அதையே சொல்லிட்டுப் போயிருச்சு. முந்தின நாள் கோபப்பட்டதுக்கு எனக்கே வெக்கமாப் போச்சு.

மொத்தமும் பில்லைத் தாண்டிருச்சு. மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கலாம்னா, குடுத்ததா ஒத்துக்கத்தான் ஆளில்லை. கிளினிக்கைச் சாத்தப் போறப்போ இன்னொருத்தர் வந்து, டைகருக்குன்னு கொஞ்சம் பணத்தை மேஜையில வச்சார். சாட்சாத் சூப்பர்வைசர். அவர் சொன்னது: "நான் குடுத்தேன்னு லயத்துல தெரியவே கூடாது. தெரிஞ்சா, மிச்சமிருக்கிற கோழியையும் அதுக்கே நேர்ந்து விட்டுட்டேன்னு ஆயிடும்."

ஆக, எங்க கிளினிக்ல அடுத்த வைத்தியத்துக்கு இப்பவே பணம் கட்டி வச்சிருக்கிற ஒரே நோயாளி, யாருக்கும் சொந்தமில்லாத டைகர்தான்.