நாக்குக்கு அடியில் வைத்த வஞ்சம்

கிடங்கில் அவனை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி எந்நேரமும் அவன் தோளில் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான். பொண்டாட்டியை மறந்துவிட்டு வந்தாலும் வருவான், அதை மறக்க மாட்டான் என்று மற்ற சுமைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒருநாள் அடுக்கு சரிந்து உரமூட்டைகள் அவன் முதுகில் விழுந்தன. கிடங்கில் ஒரு முதலுதவி அறை உண்டு. அதில் கம்பெனி சம்பளம் வாங்கும் டாக்டர் ஒருவர் உண்டு. அவர் முதுகைப் படம் எடுக்கச் சொல்லவில்லை, ஓய்வும் எழுதவில்லை. வெள்ளை மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "போட்டுட்டுப் போய் வேலையப் பாருப்பா" என்றார். விபத்து என்று எழுதினால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். மாத்திரை மலிவு.

அது அபின் வகை மாத்திரை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வலி போனது. பிறகு மாத்திரை இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. அவன் மட்டுமல்ல, வேலைக்குள் நுழையும் முன் டீயோடு ஒன்றை விழுங்குவது அங்கே பாதிப் பேருக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு காலையில் அதே டாக்டர் அவன் சிறுநீரைச் சோதித்தார். போதைக்காரன் என்று கையெழுத்துப் போட்டார். கொக்கியின் வேலை போனது.

அவனுக்காகத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. சாட்சி சொல்ல வா என்று சங்கத்துக்காரர்கள் நாங்கள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். வருகிறேன் என்று தலையாட்டினான். வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. உடம்பு நடுங்கி, வயிறு பிசைந்து, முதலுதவி அறை ஜன்னலில் போய் நின்றிருக்கிறான். டாக்டர் ஒரு அட்டை மாத்திரையை ஜன்னல் வழியே நீட்டி, "சங்கத்துப் பக்கம் போகாம இருந்தா வந்து வாங்கிக்கப்பா" என்றிருக்கிறார்.

யாரை அடிக்க வேண்டுமென்று நினைத்தானோ, அவர் முன்னாலேயே கையேந்தி நின்றான். வீட்டுக்கு வந்து கொக்கியைச் சுவரில் அடித்து, சுண்ணாம்பைப் பெயர்த்தான்.

அவன் மனைவி துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். மாத்திரையை விட வைக்க மருந்து உண்டா என்று, விஷயம் வெளியே தெரியாமல், ஊர் முழுக்கக் கிசுகிசுத்துத்தான் விசாரித்தாள். மருந்துக்கடைக்காரன் தெரியாது என்றான். போதையை மறக்க வைக்கும் விடுதி ஒன்று இருக்கிறது என்றார்கள். அங்கே மருந்தே கிடையாது, அறையில் போட்டுப் பூட்டுவார்களாம். தலைநகரில் கிடைக்கும் என்றார் ஒருவர். தினமும் தலைநகருக்கு யார் போவது?

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில் நின்றபோது அவளுக்குப் பொறுமை போனது. கவுண்டர்காரர் காதில் விழவில்லை என்று மூன்றாம் முறை சொன்னதும் கத்திவிட்டாள்.

"என் புருஷன் வலி மாத்திரைக்கு அடிமையாயிட்டாரு. அத விடுறதுக்கு மருந்து எங்க குடுக்குறீங்க?"

வரிசை திரும்பிப் பார்த்தது. கவுண்டர்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் பின்னால் நின்ற ஒரு லாரி டிரைவர் மெல்லச் சொன்னார்: "சளி வார்டுக்குப் பின்னால பச்சைக் கதவும்மா. நான் அங்கதான் வாங்குறேன்."

இத்தனை நாள் தேடியது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருந்தது.

மறுநாள் கொக்கி வேலைக்குப் போவது போலவே கிளம்பினான். அதாவது, டீயோடு ஒரு வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டு. பச்சைக் கதவுக்குள் நர்ஸ், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். மேஸ்திரி கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய், நேற்றே நிறுத்திவிட்டேன் என்றது. நாக்குக்கு அடியில் புது மாத்திரை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் சுருண்டு, வாந்தியும் வியர்வையுமாய்த் துடித்தான்.

"பழசு உடம்புல இருக்கும்போது இதை வச்சா, அதைப் பிடிச்சு வெளிய தள்ளிரும். அதுக்குத்தானே கேட்டேன்? யாருக்குப் பயந்துய்யா பொய் சொன்ன?" என்றார் நர்ஸ்.

யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். அடுத்த முறை பழையதை நிறுத்தி, நடுக்கம் நன்றாகப் பிடித்த பிறகே போனான். புது மாத்திரை உடம்பில் தங்கியது. சில வாரங்களில் கை நிதானமானது. ஜன்னலுக்குப் போக வேண்டிய அவசியமும் போனது.

கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னான். ஜன்னலையும் சொன்னான், அட்டையையும் சொன்னான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்க அவனால் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பத் தொடங்கியதும், தினமும் காலை வேலை தொடங்கும் நேரத்தில் கிடங்கு வாசலுக்குப் போனான். தோளில் கொக்கி. டாக்டரின் கார் நின்றது. டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டார். அந்த இரும்பு யாரையும் தொடவில்லை. கார்க் கண்ணாடிக்கு எதிரே போய் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கரைந்துகொண்டிருந்த மாத்திரையைக் காட்டினான். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குக் காட்டுகிற அதே மாதிரி.

கரையும்வரை பேசக் கூடாது. சுமைக்காரர்கள் என்னடா என்று கேட்டபடி சுற்றி நின்றார்கள். கரைந்து முடிந்ததும் உரக்கச் சொன்னான்: "சளி வார்டுக்குப் பின்னால பச்சைக் கதவு. இந்தாளு குடுத்த வெள்ளைய நிறுத்திட்டுப் போங்க. போட்டுட்டுப் போனா என்னை மாதிரி சாவீங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் போனான். அவன் தன் மச்சானைக் கூட்டிப் போனான். முதலுதவி அறையின் காலை வரிசை மெலிந்தது. பச்சைக் கதவு முன் பெஞ்ச் போதவில்லை.

ஒருநாள் டாக்டர் கண்ணாடியை இறக்கினார். "உடம்பு தேறிட்டல்லப்பா, இன்னும் எதுக்கு இது?" என்று நயமாகக் கேட்டார். வாயில் மாத்திரை. கொக்கி வாயை இன்னும் அகலமாகத் திறந்து காட்டினான்.

அன்றிரவு சோறு போடும்போது மனைவி கேட்டாள்: "போதாதா? அந்த டாக்டரு முகம் செத்துப்போச்சாம்."

"எனக்குப் போதல."

அடுத்த வாரத்திலிருந்து டாக்டரின் கார் பின்வாசல் வழியே வரத் தொடங்கியது. கொக்கியும் பின்வாசலுக்கு மாறிவிட்டான்.