டைரக்டரியில் இல்லாத தாத்தா

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து அப்பா காணாமல் போனார். செருப்பு அப்படியே கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறதி நோய் முற்றிய எண்பது வயது மனிதர். வாயைத் திறந்தால், "ஆத்துக்குப் போகலாம், வா" என்பார். இதுதானே வீடு என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன், பாவி!

சென்னை ரயிலில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று தம்பி சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு ஓடினான். நான் அக்கம்பக்கத் தெருக்களில் தேடிவிட்டுத் திரும்பினேன். அப்பா சொல்லும் வீடு, ஏழு வயதுவரை அவர் இருந்த வாடகை வீடாக இருக்குமோ? லேக் மார்க்கெட் பக்கம் என்பது மட்டும் தெரியும். அந்த விலாசத்தைத்தான் இரண்டு மாதமாகப் பொழுதுபோக்காக இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பழைய கல்கத்தா டைரக்டரிகளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். எந்தத் தெருவில், எந்த எண்ணில், யார் குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார், எல்லாம் இருக்கும். தாத்தா மட்டும் அகப்படவேயில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். ஊர் இனிஷியலோடு தாத்தா பெயரைப் போட்டேன். இல்லை. இனிஷியல் இல்லாமல் போட்டேன். இல்லை.

தம்பி போன் செய்தான். "இங்க இல்லைக்கா. போலீஸ்ல சொல்லிடட்டுமா?"

"சொல்லு. உடனே சொல்லு."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் சாதிப் பெயரை விட்டதே அப்பா காலத்தில்தான். தாத்தா நாளில் டைரக்டரிக்காரர்கள் அதைத்தானே குடும்பப் பெயராக முன்னால் போட்டிருப்பார்கள்? 'ஐயர்' என்று போட்டேன். வரிசையாக ஐயர்கள் வந்தார்கள். நடுவில், சொந்தப் பெயர் வெறும் இனிஷியலாகச் சுருங்கி, தாத்தா: பேங்க் கிளார்க், தெரு, வீட்டு எண்.

ஆட்டோவில் வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டே போனேன். அந்த எண்ணில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே, பெஞ்சில், அப்பா! ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். வாசலுக்கு வந்த வேற்று மனுஷியிடம் பேசுவதுபோல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பா பேங்குக்குப் போயிருக்கார், மாமி. சாயங்காலமா வாங்கோ."