போட்டுப் பாருங்க

பேருந்து நிலையத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டுக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் சாவிக்காரரின் கடை. சுவர் முழுக்க ஆணிகள், ஆணி முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள். ஒரு சாவியை வெட்டி, அரத்தால் ஓரம் தேய்த்து, சட்டையில் ஒரு துடை துடைத்து வந்தவர் கையில் கொடுக்கும்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "போட்டுப் பாருங்க."

அந்தப் பேச்சை மகள் எடுத்துக்கொண்டாள். எட்டு வயது, ஆட்டிசம். சொந்தமாக வார்த்தை கூட்டிப் பேச வராது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, வீணாய்ப் போன சாவிகளைக் கோத்த வளையத்தைக் காதோரம் குலுக்கிக்கொண்டே இருப்பாள். சில்லறைக் காசு குலுங்குகிற சத்தம்; அதனால் அவளுக்கு அப்பா வைத்த பேர் 'சில்லறை'. "பெத்த பிள்ளைக்கு வைக்கிற பேரா இது?" என்று சண்டை பிடித்த அம்மாவே ஒரு மாதத்தில் சில்லறை, சில்லறை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சில்லறைக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. தட்டை நீட்டி "போட்டுப் பாருங்க" என்றால் சோறு. மின்விசிறியைப் பார்த்துச் சொன்னால் விசிறி. செருப்பு, போர்வை, பாட்டு, எல்லாமே போடுகிற விஷயம்தானே? அப்பாவின் கையைப் பிடித்துத் தன் தோளைச் சுற்றி வைத்துக்கொண்டும் சொல்வாள். அதற்கு மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. முக்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள்; சாவிகள் தரையெல்லாம் சிதறின. அடுத்தடுத்து இன்னும் இரண்டு முறை. மருத்துவர் ஒரு சிரப் கொடுத்தார், காலையும் மாலையும். வலிப்பு நின்றது. அம்மா வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தாள்.

ஆனால் கேக் தீர்ந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளை மாறிப்போனாள். விசிறிச் சத்தத்துக்கும் அழுகை, விசிறியை நிறுத்தினாலும் அழுகை. சாவி வளையத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். தலை வாரப் போன அம்மாவின் முன்கையைக் கடித்தாள். அந்த வாக்கியம் வாயிலிருந்து காணாமலே போனது.

"வளர்ற பிள்ளை, அடமும் சேர்ந்து வளருது. அதோட சுபாவமே அதானே" என்றார் சாவிக்காரரின் மச்சான். பள்ளியிலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அவர், "ஃபிட்ஸ் வந்துச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்கள்.

பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருநாள் வளையம் பறந்து தன் கண்ணாடி அலமாரியில் மோதியதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னய்யா, பாப்பா என்னைக் கடைக்கு வரச் சொல்லுதா, சாவியை எறிஞ்சு கூப்பிடுது?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. அவ இப்படித்தான்."

"எப்படித்தான்? போன வருஷம் என் கடையில உக்காந்து எல்லா ஃப்ரேமையும் போட்டுப் பார்த்த பிள்ளைய்யா அது. எப்ப இருந்து இப்படி?"

"மருந்து ஆரம்பிச்சதுக்கப்புறம்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் சாவிக்காரர். இத்தனை நாள் வாயில் இருந்தும் காதில் விழாத வார்த்தை.

"புதுக் கண்ணாடி போட்டதும் தலை வலிக்குதுன்னு வந்தா, நான் முதல்ல கண்ணாடியைத்தான் வாங்கிப் பார்ப்பேன். தலையைக் கழட்டிக் கொடுன்னு கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை சாவிக்காரர் சிரப்பைப் பாதி அளவே ஊற்றினார். மனைவி கையைப் பிடித்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"இந்த மருந்துதான்மா அவளை இப்படி ஆக்குது."

"ஆக்கட்டும். கடிச்சா கடிச்சிட்டுப் போறா, என் கைதானே. அன்னிக்கு மாதிரி விழுந்து, எந்திரிக்காம போயிட்டா?"

அவள் சொன்னதுதான் அவர் பயமும். வலிப்பு இல்லாத பிள்ளை வேண்டும், சில்லறையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையோ என்றிருந்தது. மீதிப் பாதியையும் ஊற்றிக் கொடுத்தார். "கேக்கவாச்சும் செய்வோம்" என்றார். அவள் கடிபட்ட இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "நான் லீவு சொல்லிட்டு வர்றேன்" என்றாள்.

மருத்துவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "ஃபிட்ஸ்…"

"ஃபிட்ஸ் இல்லைங்க டாக்டர். பிள்ளையும் இல்லை" என்றார் சாவிக்காரர். மனைவி முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "நான் கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "இந்த மருந்துல சில பிள்ளைங்களுக்கு எரிச்சல், கோவம் வரும். ஆட்டிசம் இருந்தா எல்லாத்தையும் அது மேலயே போட்டுடறோம். நல்லவேளை, நீங்களா நிறுத்தலை. திடீர்னு நிறுத்தினா வலிப்பு மோசமா வரலாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, இன்னொண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்."

"அது ஒண்ணும் பண்ணாதா?"

"தூக்கம் வரலாம், பசி அதிகமாகலாம். எது வந்தாலும் சொல்லுங்க. நான் கேக்கலைன்னாலும் சொல்லுங்க."

மாற்றுகிற நாட்களில் ஒரு வலிப்பு வரத்தான் செய்தது. சின்னது, அம்மாவின் மடியிலேயே வந்து அடங்கியது. "வேணாங்க, பழசுக்கே போயிடுவோம்" என்று அம்மா அழுதாள். மருத்துவரிடம் பேசினார்கள்; அவர் புது மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். அதற்குப்பின் வரவில்லை. சில்லறைக்குத் தூக்கம் கூடியது, கன்னம் உப்பியது, சட்டையெல்லாம் இறுகியது. கடிப்பது நின்றது. வளையம் மறுபடி காதோரம் போனது. பேச்சு மட்டும் வரவில்லை. அது போனது போனதுதான் என்று சாவிக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவசரக்காரர் ஒருவர் பூட்டும் சாவியுமாக வந்து நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாவி பாதி வெட்டியபோது முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"போட்டுப் பாருங்க."

சாவிக்காரரின் கை ஒரு நொடி வழுக்கியது. திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். வெட்டி முடித்து, தேய்த்து, துடைத்து, ஒன்றும் பேசாமல் நீட்டினார்.

வந்தவர் பூட்டில் நுழைத்துத் திருகினார். "என்னங்க, திரும்பவே மாட்டேங்குது?"

"திரும்பாதுங்க. தப்பா வெட்டிட்டேன்."

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. வேற வெட்டித் தர்றேன், உக்காருங்க" என்றார் சாவிக்காரர். உட்கார அங்கே இடமே கிடையாது. கெட்ட சாவியை முக்காலிப் பக்கம் நீட்டினார். சில்லறை வாங்கி வளையத்தில் கோத்து, காதோரம் ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, என் சாவி?" என்றார் வந்தவர்.

"இருங்க" என்றார் சாவிக்காரர். "ஒரு நிமிஷம் கை காலியில்லை."